கறுத்துப்போன வெள்ளை

இலக்கியக் கூட்டத்தில் வேதியியல் பேசலாமா என்று நான் கேட்டபோது ஒருங்கிணைக்கும் நண்பர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். ஓவியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன், நடுவே சில வேதிப்பொருள்களின் பெயர் வரும், அவ்வளவுதான் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். நான் கலை வரலாறு படித்தவள் இல்லை. செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளின் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பவள். தோலின் நிறம் மாறினால் ஏன் மாறியது என்று கேட்பது என் வேலையில் பாதி. அந்தப் பழக்கம்தான் என்னை இந்த விஷயத்துக்குள் கொண்டுவந்து விட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து ஒரு குழுவாக இத்தாலிக்குப் போனோம். அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது நடுக்கூடத்துச் சுவர்களைத்தான். பிரான்சிஸின் வாழ்க்கையைச் சொல்லும் 28 படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஜோத்தோ வரைந்தவை என்று மரபாகச் சொல்வார்கள். அறிஞர்களுக்குள் அதில் சண்டை உண்டு. அவற்றைத் தாண்டி, பீடத்துக்கு அருகே போய் இடது பக்கக் குறுக்குச் சிறகுக்குள் திரும்பினால் ஒரு பெரிய சிலுவைக் காட்சி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமாபுவே வரைந்தது.

அதன் முன் நின்ற எங்களுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. சிலுவையில் உடல் வளைந்து தொங்குகிறது. இடுப்புத் துணி காற்றில் பறக்கிறது. தேவதூதர்கள் சுற்றிப் பறக்கிறார்கள். கீழே மகதலேனா மரியாள் இரண்டு கைகளையும் மேலே வீசிக் கதறுகிறாள். சிலுவையின் அடியில் பிரான்சிஸ் மண்டியிட்டிருக்கிறார். எல்லாம் இருக்கிறது, ஆனால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. வெளிச்சம் படவேண்டிய இடமெல்லாம் கறுப்பு. நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, துணியின் மடிப்பு மேடுகள் எல்லாம் இருண்டு, நிழலாக இருக்கவேண்டிய இடங்கள் வெளிறித் தெரிகின்றன. பழைய பிலிம் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போமே, அப்படி.

எங்களோடு வந்திருந்த ஒரு பெரியம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், நாகர்கோவில்காரர், என் காதருகே வந்து கேட்டார்: “ஏம்மா, இவ்வளவு பேரு துட்டு குடுத்து வாராங்க. இத ஒரு தடவ கழுவி விட்டா என்னவாம்?”

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அழுக்காகத்தான் இருக்கும், மெழுகுவத்திப் புகையாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. புகை என்றால் சுவர் முழுக்கச் சமமாகப் படிந்திருக்க வேண்டும். அது எப்படி நெற்றியையும் மூக்கையும் மட்டும் தேடிப் பிடித்துப் படியும்? கறுத்தது ஓவியர் வெள்ளை வைத்த இடங்கள் மட்டும். அப்படியானால் அந்த வெள்ளைதான் கறுப்பாகியிருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகில் கருமையைப் பார்த்தால், துடைத்துப் பார்ப்போம். போகவில்லை என்றால் அது அழுக்கு இல்லை, தோலே மாறியிருக்கிறது. பிறகு செய்யவேண்டியது முற்றிலும் வேறு.

இதைப் புரிந்துகொள்ள முதலில் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும். நான் பிறந்தது சி.எஸ்.ஐ. குடும்பம். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் படமே கிடையாது, வெறும் வெள்ளைச் சுவர். கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிப்பார்கள். அதற்காகச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்க்கச் சிறுவயதில் ஓடுவோம். தொட்டியில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். கிட்டே போகாதே, கண் போய்விடும் என்று விரட்டுவார்கள். அவ்வளவு காரம் அதற்கு. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. தண்ணீர் சேர்த்து நீற்றிச் சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது.

இத்தாலியர்களின் பிரெஸ்கோ முறை இதை நம்பித்தான் இருக்கிறது. ஈரச் சாந்தின் மேல் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால் போதும், பசை வேண்டாம். சுண்ணாம்பு கல்லாகும்போது வண்ணத்துகள்களையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் காரத்தைத் தாங்குகிற வண்ணங்கள் மட்டுமே இதில் பிழைக்கும். காவி, மஞ்சள் மண், பச்சை மண் போன்றவை தாங்கும். அவை ஏற்கெனவே மண்ணில் பல்லாயிரம் ஆண்டு கிடந்து எல்லாவற்றையும் பார்த்தவை. வெள்ளைக்கு மிகப் பாதுகாப்பானது சுண்ணாம்பேதான். இத்தாலிய ஓவியர்கள் அதைப் புனித யோவான் வெள்ளை என்று அழைத்தார்கள்.

சிமாபுவே பயன்படுத்தியது அதுவல்ல, ஈயவெள்ளை. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் வெள்ளீயம் என்றால் தகரத்தோடு சேர்ந்து பேசப்படும் வேறு உலோகம், பாத்திரத்துக்குப் பூசுவது. நான் சொல்வது காரீயத்திலிருந்து செய்யும் வெள்ளை. காரீயத் தகடுகளைப் புளித்த காடியின் ஆவி படும்படி வைத்து, சாணக் குவியலின் சூட்டில் பல வாரம் புதைத்து வைப்பார்கள். தகட்டின் மேல் வெள்ளையாகப் பூத்துவரும். சுரண்டி, அரைத்து, கழுவி எடுத்தால் ஈயவெள்ளை. வேதியியலில் இது ஈயத்தின் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த உப்பு. மரப்பலகையில் முட்டைக் கருவோடும், பிற்காலத்தில் எண்ணெயோடும் குழைத்துத் தீட்டுவதற்கு இதைப்போல ஒரு வெள்ளை கிடையாது. அடர்த்தி, மென்மை, ஒளி எல்லாம் உண்டு. பலகை ஓவியத்தில் கைதேர்ந்த ஒருவர் சுவருக்கு வரும்போதும் அதையே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இதைச் செய்த தொழிலாளர்களையும் இதைக் கையாண்ட ஓவியர்களையும் ஈயம் உள்ளிருந்து தின்றது. ஓவியர் வயிற்றுவலி என்றே ஒரு நோய்ப்பெயர் ஐரோப்பிய மருத்துவத்தில் இருந்தது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் வேலை செய்த ஒருவர் வார்டில் கிடந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருப்பார். மணிக்கட்டு தொய்ந்து போயிருந்தது. மருத்துவர் எங்களை எல்லாம் கூப்பிட்டு அவருடைய உதட்டை விலக்கி ஈறைக் காட்டினார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலமும் கறுப்பும் கலந்த மெல்லிய கோடு. இரத்தத்தில் ஓடும் ஈயமும், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கந்தகமும் சேர்ந்து அங்கே ஈய சல்ஃபைடாகப் படிகிறது என்றார். தேர்வுக்கு வரும் என்று குறித்துக்கொண்டேன். அவருடைய முகம் நினைவில்லை, அந்தக் கோடு மட்டும் நினைவிருக்கிறது.

அசிசியில் பார்த்தது அந்தக் கோடுதானா? நீண்ட காலம் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். காற்றில் உள்ள கந்தக வாயு பட்டு வெள்ளை சல்ஃபைடாக மாறிக் கறுத்தது என்று. தாளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் ஈயவெள்ளை கறுப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் கறுத்த சுவரோவியங்களின் துணுக்குகளை ஆராய்ந்தபோது பெரும்பாலானவற்றில் கிடைத்தது வேறொரு கறுப்பு. ஈய டையாக்சைடு. கனிமமாகக் கிடைக்கும்போது பிளாட்னரைட் என்பார்கள். அடர் பழுப்பிலிருந்து கறுப்பு வரையான நிறம். நம் ஊர் வீடுகளில் மின்வெட்டுக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதே, அதன் நேர்மின் தகட்டில் இருப்பதும் இதே பொருள்தான்.

இரண்டு கறுப்புக்கும் உள்ள வேறுபாடு சின்னதில்லை. ஈயம் இரண்டு நிலைகளில் இருக்கக்கூடியது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலை ஒன்று, நான்கை இழந்த நிலை இன்னொன்று. வெள்ளை கார்பனேட்டில் இருப்பது முதல் நிலை. சல்ஃபைடாகக் கறுத்தாலும் ஈயம் அதே நிலையில்தான் இருக்கிறது, கூட்டாளி மட்டும் மாறியிருக்கிறது. டையாக்சைடில் ஈயமே மாறிவிட்டது, மேலும் இரண்டு எலக்ட்ரான்களைப் பறிகொடுத்திருக்கிறது. அவற்றைப் பறிக்க வலுவான ஆக்சிஜனேற்றி ஒன்று வேண்டும். சாதாரணக் காற்று மட்டும் எளிதில் செய்துவிடாது. ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்ய எளிய வழி, நாங்கள் வார்டைத் துடைக்கும் பிளீச்சிங் திரவம். சோடியம் ஹைப்போகுளோரைட். அது ஈய உப்பைப் பழுப்புக் கறுப்பாக்கிவிடும்.

13ஆம் நூற்றாண்டுச் சுவரில் பிளீச்சிங் இல்லை. அங்கே பல கைகள் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். சுண்ணாம்பின் காரச் சூழலில் ஈயம் மேல்நிலைக்குப் போவது எளிதாகிறது. ஈரம் வேண்டும். ஒளிக்குப் பங்கு உண்டு. ஈரச் சுவரில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் பெராக்சைடைச் சில ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். இதில் எது முதன்மைக் குற்றவாளி என்பதில் அவர்களுக்குள் ஒரே முடிவு இல்லை. தெளிவானது ஒன்று: எண்ணெய்க்குள் இருக்கும் ஈயவெள்ளைக்கு எண்ணெய் ஒரு தோல்போலப் பாதுகாப்பு. சுவரில் அது இல்லை. துகள்கள் ஈரத்துக்கும் காற்றுக்கும் நேராகத் திறந்து கிடக்கின்றன.

ஓவியர்களுக்கு இது தெரியாததும் அல்ல. 1400ஐ ஒட்டி ஓவியத் தொழில்நுட்பக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி, ஈயவெள்ளையைச் சுவரில் முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறார், காலப்போக்கில் கறுக்கும் என்று. ஈயச் செந்தூரத்தைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்கிறார்: பலகைக்கு மட்டும்தான், சுவரில் காற்றுப் பட்டால் கறுத்துவிடும். ஆனால் அவர் எழுதியது சிமாபுவே இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த நூறு ஆண்டில் எத்தனையோ சுவர்கள் கறுப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த வரி ஒரு கையேட்டுக்குள் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவமனை விதிமுறைப் புத்தகங்களிலும் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒரு நோயாளி இருப்பார்.

இன்னும் பழைய புகார் ஒன்று உண்டு. கிறிஸ்துவுக்குச் சற்று முந்தைய நூற்றாண்டில் எழுதிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஃபேபெரியஸ் என்ற எழுத்தரைப் பற்றிச் சொல்கிறார். அவர் அவெந்தைன் குன்றில் இருந்த தன் வீட்டு முற்றத்துச் சுவர் முழுக்கச் சாதிலிங்கம் பூசினார். அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த, மிகுந்த செலவு வைக்கும் சிவப்பு. முப்பதே நாளில் சுவர் திட்டுத்திட்டாக நிறம் மாறி அசிங்கமானது. வேறு வண்ணம் பூச மறுபடி ஆள் வைத்தார். வெயில் படும் இடத்தில் அதைப் பூசினால் மேலே மெழுகு பூசுங்கள் என்பது விட்ருவியஸின் அறிவுரை. சாதிலிங்கம் ஏன் கறுக்கிறது என்பது எளிதில் பிடிபடவில்லை. அது தன் படிக அமைப்பை மட்டும் மாற்றிக்கொண்டு கறுப்பு வடிவமாகிறது என்று நினைத்திருந்தார்கள். கிரெனோபிள் நகரின் சிங்க்ரோட்ரான் ஒளியில் டோரே டெல் கிரேக்கோவின் வில்லா சோரா சுவர்த் துணுக்குகளைப் பார்த்தபோது, குளோரின் கலந்த பாதரசச் சேர்மங்களும், சுண்ணாம்புப் பரப்பு ஜிப்சமாக மாறியிருப்பதும் தெரிந்தன. அங்கேயும் குற்றவாளி ஒருவர் இல்லை.

சீனாவின் துன்ஹுவாங் அருகே மொகாவோ குகைகளில் இதன் இன்னொரு முகம். வட வேய் காலத்துக் குகைகளில், 254ஆம் குகை போன்றவற்றில், புத்தர்களும் தேவர்களும் தடித்த கறுப்புப் பட்டைகளால் வரையப்பட்டதுபோல் இருப்பார்கள். பார்த்தவுடன் 20ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியரின் துணிச்சலான தூரிகை என்று தோன்றும். உண்மையில் அவை கன்னத்துக்கும் கழுத்துக்கும் உருட்சி கொடுக்க, இளஞ்சிவப்பை மெல்ல மெல்லக் கரைத்துப் பூசிய இடங்கள். ஈயமும் செந்தூரமும் கலந்த அந்தத் தோல்நிறம் கறுத்து, மென்மையின் இடத்தில் முரட்டுத்தனம் வந்துவிட்டது. நாம் அதில் ரசிப்பது ஓவியரின் முடிவையா, வேதிவினையின் முடிவையா? இலக்கிய வாசகர்களான உங்களிடம் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போடத்தான் இதை எல்லாம் சொல்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைப் பற்றி யாராவது கேட்பீர்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் அவற்றை ஆராய்ந்தார். காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி இவையே பெரும்பாலும், வெள்ளை, சுண்ணாம்பு. அங்கே மேலே வந்த நாயக்கர் கால ஓவிய அடுக்கு, உப்பு, ஈரம் என்று வேறு தொல்லைகள் உண்டு. இந்தக் கறுப்பு அங்கே பிரச்சினை இல்லை.

சரி, கறுத்ததை வெளுக்க முடியாதா? முடியும் என்பதுதான் இதில் சங்கடமே. எங்கள் அலமாரியில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் மருந்து. 1818இல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் தெனார், ராஃபேலின் கோட்டோவியம் ஒன்றில் கறுத்திருந்த ஈயவெள்ளையைச் சரிசெய்ய அதையே பரிந்துரைத்தார். கறுப்பு சல்ஃபைடுக்கு ஆக்சிஜன் கொடுத்து அதை வெள்ளை சல்ஃபேட்டாக மாற்றிவிடும். வெள்ளை திரும்பிவிடும், ஆனால் அது பழைய வெள்ளை அல்ல, வேறொரு பொருள்.

டையாக்சைடு விஷயத்தில் அதே திரவம் எதிர்வேலை செய்கிறது. அமிலம் கூடவே இருந்தால் பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்காது, ஈயத்துக்கு எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்து, ஆக்சிஜனை நுரையாக வெளியே விடும். ஈயம் மறுபடி கீழ்நிலைக்கு வந்து வெள்ளை உப்பாகலாம். ஃபுளோரன்சில் மத்தேயினி, மோலெஸ் என்ற இரு வேதியியலாளர்கள் அசிட்டிக் அமிலமும் பெராக்சைடும் கொண்டு இதைச் சுவரோவியத்தில் செய்து பார்த்தார்கள். ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று திரும்பிப் போய்ப் பார்த்து 1981இல் எழுதினார்கள். அந்த ஐந்தாண்டுக் காத்திருப்பைப் படித்தபோது அவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது. சிக்கல் என்னவென்றால், அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஓவியத்தைக் குணப்படுத்தப் பூசும் மருந்து, ஓவியம் ஒட்டிக்கொண்டிருக்கும் உடலையே அரிக்கும். புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று ஒரு காலத்தில் நாங்களும் நம்பினோம். புதிதாக வளரும் திசுவையும் அது கொல்கிறது என்று தெரிந்த பிறகு ஊற்றுவதை விட்டோம்.

அசிசிக்கு இன்று போனாலும் அந்தச் சிலுவைக் காட்சி கறுத்துத்தான் இருக்கும். 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் அதே கோயிலின் மேல்வளைவுகள் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். சிமாபுவே வரைந்த மத்தேயு நொறுங்கி விழுந்தார். துண்டுகளைப் பொறுக்கி ஒட்ட ஆண்டுகள் ஆயின. இந்தச் சுவர் தப்பியது. அதன்மேல் அமிலத்தோடு போவதற்கு யாருக்கும் கை வராதது எனக்குப் புரிகிறது. நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களின் குதிகாலில் சில சமயம் கறுப்பாக, காய்ந்து, கெட்டியாக ஒரு பொருக்கு உண்டாகும். பார்க்க அச்சமாக இருக்கும். பிள்ளைகள் வந்து, இதை ஏன் எடுக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கோபப்படுவார்கள். சீழ் இல்லை, சுற்றிலும் சிவப்பு இல்லை, அசைவில்லை என்றால் நாங்கள் தொடமாட்டோம். அந்த இறந்த பகுதியே கீழே உள்ளதற்கு மூடியாக இருக்கிறது. ஈரமாகிவிட்டதா, ஓரம் தளர்கிறதா என்று தினமும் பார்ப்போம், எழுதி வைப்போம். அலட்சியம் மாதிரி தெரியும் அந்த வேலைக்குத்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது. சுவரோவியக் காப்பாளர்கள் ஈரப்பதத்தை அளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஒருவேளை எல்லாச் சுவருக்கும் இது பொருந்தாது. சின்ன இடம், உறுதியான சாந்து, நல்ல கை என்றால் வெளுத்துப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெளுத்தபின் அந்த முகத்தில் தெரியும் ஒளி சிமாபுவே வைத்ததா, வேதியியலாளர் வைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் எனக்குத் தயக்கம் வந்துவிடுகிறது.

இவ்வளவையும் நான் படித்தது ஊர் திரும்பிய பிறகு. அன்று பேருந்தில் பெரியம்மாவுக்கு நான் சொன்ன சமாதானம் வேறு. அவர் கடையில் வாங்கிய அஞ்சலட்டையைக் கைபேசியில் படம் எடுத்து, நிறங்களைத் தலைகீழாக்கிக் காட்டினேன். சிலுவையில் இருந்த உடல் சட்டென்று வெளிச்சமாக எழுந்து வந்தது. நெற்றி, விலா எலும்பு, பறக்கும் துணி எல்லாம் வெள்ளை. “ஆண்டவரே” என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி, “சுத்தி இருந்த மஞ்சளெல்லாம் நீலமாயிட்டே” என்றார். காவியும் மஞ்சள் மண்ணும் மாறாமல் இருந்த நிறங்கள். இப்போது அவை கெட்டுவிட்டிருந்தன. ஒன்றைத் திருப்பினால் மற்றது போகிறது என்றேன். அவர் கைபேசியை வாங்கிக்கொண்டு, அஞ்சலட்டையையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடியே பெருஜியா வரை வந்தார்.